அணைந்த எண்ணுக்கு ஓர் அழைப்பு: நவீன கால ஆர்.பி.ஜி.யில் ஆபத்தான சடங்கு மந்திரம்

மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் நவீன காலக் கதை ஒன்றுக்கு முதன்முதலாக மந்திர விதிகள் எழுதியபோது, ஆளுக்குப் பத்துப் புள்ளி கொடுத்தேன். ஒரு மந்திரத்துக்கு இரண்டு புள்ளி செலவு. இரவு தூங்கி எழுந்தால் புள்ளிகள் திரும்ப வந்துவிடும். மூன்றாவது வாரம் ஆட்டக்காரர் ஒருவர் மந்திரத்தால் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டார். இன்னொருவர் சிவப்பில் நின்ற டிராஃபிக் சிக்னலைப் பச்சையாக்கினார். இரண்டுமே விதிப்படி சரிதான். ஆனால் அதற்கப்புறம் எங்கள் மேசையில் யாரும் மந்திரத்தைப் பார்த்துப் பயப்படவும் இல்லை, வியக்கவும் இல்லை. போனில் இருக்கும் ஆப்களில் அதுவும் ஒன்று என்று ஆகிவிட்டது.

அந்தக் கதையைப் பாதியில் நிறுத்திவிட்டேன். மந்திரம் என்ற பேச்சு எடுத்தாலே எல்லோரும் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டு யோசிக்கிற மாதிரி ஒரு முறை வேண்டும் என்று தோன்றியது. அதைக் கட்டி முடிக்க நாளாயிற்று. இந்த ஆட்டங்களை இதுவரை ஆடியிராதவர்களும் பின்தொடரும்படி அடியிலிருந்தே சொல்கிறேன்.

மேசை ஆர்.பி.ஜி. (ரோல்-பிளேயிங் கேம்) என்பது பேச்சால் ஆடும் ஆட்டம். நான்கைந்து பேர் உட்காருவார்கள். ஒருவர் கேம் மாஸ்டர். உலகத்தையும் அதில் வரும் மற்றவர்களையும் அவர் பேசுவார். மீதிப்பேர் ஆளுக்கொரு கதாபாத்திரத்தை எடுத்துக்கொண்டு, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடுகிறேன்" என்று சொல்வார்கள். முடிவு இப்படியும் போகலாம், அப்படியும் போகலாம் என்கிற இடத்தில் பகடை உருட்டுவார்கள். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974ல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகையில் விற்பனைக்கு வந்த முதல் ஆட்டம்.

அந்த ஆட்டத்தில் மந்திரவாதிக்கு ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம் என்று ஒதுக்கீடு உண்டு. 2014ல் வந்த ஐந்தாம் பதிப்பில் சடங்கும் இருக்கிறது. சில மந்திரங்களைப் பத்து நிமிடம் கூடுதலாக எடுத்துக்கொண்டு சடங்காகச் செய்தால், ஒதுக்கீட்டில் எதுவும் குறையாது. அதாவது அங்கே சடங்கு என்பது செலவில்லாத, பத்திரமான வழி. நேரம் இருந்தால் போதும். கோட்டையும் டிராகனும் உள்ள உலகத்துக்கு அது நன்றாகவே பொருந்துகிறது.

நம் காலத்தில் நடக்கும் கதைக்கு அது பொருந்தாது. காரணம் எளிது. கதை நடப்பது பஸ்ஸும் வங்கியும் சிசிடிவியும் உள்ள, நமக்குத் தெரிந்த உலகம். பத்து நிமிடம் உட்கார்ந்து பூட்டைத் திறக்க முடியும் என்றால், இந்நேரம் வங்கிகள் வேறு மாதிரி இருந்திருக்கும். இறந்தவரோடு பேச முடியும் என்றால், கொலை வழக்குகள் இப்போது நடப்பது போல நடக்காது. மந்திரம் உண்மையாக இருந்தும் உலகம் இப்போது இருப்பது போலவே இருக்கிறது என்றால், அதைத் தெரிந்தவர்கள் செய்யத் தயங்குகிறார்கள் என்றுதான் அர்த்தம். அந்தத் தயக்கத்தை ஆட்டக்காரரின் கைக்குள் கொண்டுவருவதுதான் வடிவமைப்பவரின் வேலை.

விலை வேறு, ஆபத்து வேறு

புதிதாக விதி எழுத வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இந்த இடத்தில்தான். விலை என்பது கட்டாயம் போகப்போவது. ஆபத்து என்பது போகலாம், போகாமலும் இருக்கலாம். ஆட்டோவுக்குக் கொடுக்கும் நூறு ரூபாய் விலை. ஹெல்மெட் இல்லாமல் பைக்கில் போவது ஆபத்து. சடங்குக்கு இரண்டும் வேண்டும். விலை மட்டும் இருந்தால் கடைக்குப் போய்ச் சாமான் வாங்குவது மாதிரி ஆகிவிடும். ஆபத்து மட்டும் இருந்தால் லாட்டரிச் சீட்டு மாதிரி.

முன்னோடி ஆட்டங்கள் இந்த இரண்டையும் எப்படிக் கையாண்டன என்று பார்ப்பது நல்லது. 1981ல் கேயாசியம் வெளியிட்ட கால் ஆஃப் கதுலுவில் ஒவ்வொரு கதாபாத்திரத்துக்கும் மனத் தெளிவைக் காட்டும் ஓர் எண் உண்டு. மந்திரம் செய்யச் செய்ய அது கரையும். அது விலை. 1989ல் வந்த ஷேடோரன்னில் மந்திரவாதி எவ்வளவு பலமாக மந்திரம் போடுகிறாரோ, அவ்வளவு பலமாக அது அவர் உடம்பையே திருப்பி அடிக்கப் பார்க்கும். தாங்கினாரா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். அது ஆபத்து. 1993ல் வந்த மேஜ்: தி அசென்ஷனில் சாதாரண மனிதர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நம்ப முடியாத மந்திரம் செய்தால், உலகமே செய்தவர்மேல் பாயும். கூட்டம் நிறைந்த நகரத்துக்கு எவ்வளவு கச்சிதமான விதி! 1998ல் கிரெக் ஸ்டோல்ஸேயும் ஜான் டைன்ஸும் உருவாக்கிய அன்நோன் ஆர்மீஸ் இன்னும் ஒரு படி போனது. அதில் மந்திரவாதிகளுக்குச் சக்தி வருவதே அவர்களுடைய வெறியிலிருந்துதான். ஒருவர் புத்தகம் சேர்த்துச் சக்தி பெறுவார், ஒருவர் குடித்துப் பெறுவார். ஒவ்வொருவருக்கும் செய்யக்கூடாத ஒன்று இருக்கும். அதைச் செய்துவிட்டால் சேர்த்த சக்தி முழுவதும் போய்விடும்.

இவற்றை ஆடிப் பார்த்ததில் எனக்குத் தெளிவானது ஒன்றுதான். ஆட்டக்காரர் ஆபத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், பார்த்த பிறகு அவரே கையை நீட்ட வேண்டும். "நூற்றில் ஐந்து முறை மந்திரம் வெடிக்கும்" என்று கேம் மாஸ்டர் ரகசியமாக வைத்திருந்தால், வெடிக்கும்போது ஆட்டக்காரருக்குக் கோபம்தான் வரும். அவர் எதையும் தேர்ந்தெடுக்கவில்லையே. என்ன நடக்கலாம் என்று எழுதிய சீட்டு கண் முன்னால் கிடக்க, அப்படியும் ஒருவர் பகடையை எடுக்கிறார் என்றால், அப்போது மேசையில் எல்லோரும் முன்னால் சாய்ந்து பார்ப்பார்கள். எல்லாவற்றையும் மறைத்து வைத்தால்தான் திகில் என்று சொல்லும் கேம் மாஸ்டர்கள் இருக்கிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. என்ன வரும் என்பதைச் சொல்லிவிடலாம், எந்த உருவத்தில் வரும் என்பதை மட்டும் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு சடங்கைக் கட்டுவோம்

பொதுவாகப் பேசினால் புரியாது. நான் எழுதிய ஒரு சடங்கையே பிரித்துக் காட்டுகிறேன். பெயர் 'அணைந்த எண்'. இறந்துபோன ஒருவரின் பழைய செல்போன் எண்ணை அழைத்து, அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும் சடங்கு.

முதலில் பொருட்கள். மானுடவியலாளர் ஜேம்ஸ் ஃப்ரேசர், மந்திர நம்பிக்கைகளுக்கு அடியில் இரண்டு எண்ணங்கள் ஓடுவதாக எழுதினார். ஒன்றைப் போலிருப்பது அந்த ஒன்றை உண்டாக்கும் என்பது முதல் எண்ணம். ஒருமுறை தொட்டுக்கொண்டிருந்தவை பிரிந்த பிறகும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பது இரண்டாவது. அவருடைய மற்ற முடிவுகளில் பலவற்றை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. ஆனால் விதி எழுதுபவருக்கு இந்த இரண்டும் கைகொடுக்கும், ஏனென்றால் இவற்றின்படி அமைந்த சடங்கை யாரும் விளக்கம் கேட்காமலே நம்பிவிடுவார்கள். என் சடங்குக்கு வேண்டியது இறந்தவர் கையில் இருந்த போன். புதுப் போனில் அந்த எண்ணைப் போட்டால் வேலைக்காகாது. கடைசியாக அவர் பேசிய இடத்தில் நின்று அழைக்க வேண்டும். மூன்று நிமிடம் வேறு யார் காதிலும் பேச்சு விழக்கூடாது.

இந்த மூன்று நிபந்தனைகளையும் மறுபடி பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு காட்சி. போன் இப்போது யாரிடம் இருக்கிறது? போலீஸ் எடுத்துப் போயிருக்கலாம், மனைவி வித்திருக்கலாம். கடைசியாகப் பேசிய இடம் ஓர் அலுவலகத்தின் ஐந்தாவது மாடி என்றால், இரவில் வாட்ச்மேனைத் தாண்டி எப்படிப் போவது? மூன்று நிமிடத் தனிமை என்பது நகரத்தில் அவ்வளவு லேசில் கிடைக்காது. கிடைக்காத மூலிகை, பௌர்ணமி நள்ளிரவு என்று எழுதியிருந்தால் ஆட்டக்காரர் "சரி, வாங்கிட்டேன், காத்திருக்கேன்" என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார். நவீன காலக் கதையில் நிபந்தனைகளை மனிதர்கள் வைத்திருக்கும் பொருட்களிலும் பூட்டியிருக்கும் இடங்களிலும் வையுங்கள். சடங்கு தொடங்கும் முன்பே பாதி ஆட்டம் நடந்துவிடும்.

அடுத்து விலை. இதை நான் சடங்கு எழுதும்போது முழுவதும் தீர்மானிப்பதில்லை. கதாபாத்திரத்தின் விவரங்கள் எழுதிய சீட்டைப் பார்ப்பேன், ஆட்டக்காரர் இதுவரை அதைப் பற்றி என்ன சொன்னார் என்று நினைத்துப் பார்ப்பேன். எதன்மேல் பாசம் இருக்கிறதோ அதிலிருந்துதான் விலை போக வேண்டும். 'அணைந்த எண்' சடங்கின் விலை இது: அழைக்கும் பட்டனைத் தொட்ட கணத்தில், இறந்தவரின் குரல் பதிவாகியிருக்கும் எல்லா இடத்திலும் அந்தக் குரல் போய்விடும். கல்யாண வீடியோவில் வாய் அசையும், சத்தம் வராது. வாட்ஸாப்பில் சேர்த்து வைத்திருந்த குரல் செய்திகள் ஓடும், ஒன்றும் கேட்காது. சடங்கு பலித்தாலும் பலிக்காவிட்டாலும் இது போனது போனதுதான்.

இங்கே இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். முதலாவது, நம் ஊரில் சூனியம், ஏவல், மாந்திரீகம் என்ற பெயரில் உண்மையிலேயே மனிதர்கள் பணத்தையும் உயிரையும் இழக்கிறார்கள். அப்புறம், நாட்டார் தெய்வங்களும் அவற்றின் சடங்குகளும் இன்றும் கும்பிடப்படுபவை. ஒரு குடும்பத்தின் குலதெய்வ வழிபாட்டை எடுத்து, "இதில் மூன்று பகடை" என்று விதியாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. போன், லிஃப்ட், மின்கம்பம், ரேஷன் கார்டு என்று நம் காலத்துப் பொருட்களை வைத்தே புதுச் சடங்குகளைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவை இன்னும் விநோதமாகவும் இருக்கும்.

இரண்டாவது, மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள். சாவு, குரல், பிரிவு என்று ஆடும்போது, அண்மையில் யாரையாவது இழந்தவர் நம்மிடையே இருக்கக்கூடும். ஆட்டம் தொடங்கும் முன்பே, "எதைத் தொடவே வேண்டாம்?" என்று எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் பரப்பிய எக்ஸ் கார்டு என்ற எளிய வழியும் உண்டு. எக்ஸ் என்று எழுதிய ஒரு சீட்டு மேசையில் கிடக்கும். யாராவது அதைத் தொட்டால் காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிட வேண்டும். ஆபத்து கதாபாத்திரத்துக்கு மட்டும்தான். ஆடுபவருக்கு வரக்கூடாது.

பகடை

இப்போது கணக்கு. வீட்டில் லூடோ பெட்டியில் கிடக்கும் ஆறு பக்கப் பகடைகளே போதும். சடங்கைச் செய்யத் துணிந்தால் இரண்டு பகடை. சரியான பொருள் கையில் இருந்தால் ஒன்று கூடும், சரியான இடம் என்றால் இன்னொன்று, கூட ஓர் ஆள் துணை நின்றால் மேலும் ஒன்று. ஆக, அதிகபட்சம் ஐந்து. கிடைத்ததை எல்லாம் உருட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை, குறைத்துக்கொள்ளலாம். உருட்டிய எண்களின் கூட்டுத்தொகை சடங்கின் 'எடை'யை எட்டினால் சடங்கு பலிக்கும். 'அணைந்த எண்'ணின் எடை 12.

ஆபத்து எங்கே? உருட்டியதில் ஒரே எண் இரண்டு பகடையில் விழுந்தால் எதிர்வினை வரும். இந்த யோசனை என்னுடையது இல்லை. 2005ல் வந்த வார்ஹாமர் ஃபேன்டசி ரோல்பிளேயின் இரண்டாம் பதிப்பில் மந்திரவாதிகள் பத்துப் பக்கப் பகடைகளை உருட்டுவார்கள். எண்கள் ஒன்றாக விழுந்தால் மந்திரம் கோணலாகும். எனக்கு ஆறு பக்கப் பகடை பிடித்திருப்பதற்குக் காரணம், இரட்டை இன்னும் அடிக்கடி விழும்.

எவ்வளவு அடிக்கடி? இரண்டு பகடையில் இரட்டை விழும் வாய்ப்பு சுமார் 17 சதவீதம். ஆனால் இரண்டை மட்டும் வைத்து 12ஐ எட்டுவது 36ல் ஒரு முறைதான். மூன்று பகடை என்றால் பலிக்கும் வாய்ப்பு 37.5 சதவீதம், இரட்டை விழும் வாய்ப்பு 44 சதவீதம். நான்கு என்றால் பலிப்பது 76, இரட்டை 72. ஐந்தில் பலிப்பது 94, இரட்டை 91. இந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்று புரியும். சக்தியும் ஆபத்தும் சேர்ந்தே ஏறுகின்றன. கவனமாக ஏற்பாடு செய்து, பொருளும் இடமும் ஆளும் சேர்த்தவருக்குச் சடங்கு கிட்டத்தட்ட உறுதியாகப் பலிக்கும், எதிர்வினையும் கிட்டத்தட்ட உறுதியாக வரும். கதவை அகலமாகத் திறந்தால் உள்ளே வருவதும் அதிகம்தானே.

எந்த எண் இரட்டையாக விழுந்தது என்பதும் முக்கியம். ஒன்று, இரண்டு என்றால் சின்ன எதிர்வினை. மூன்று, நான்கு என்றால் நடுத்தரம். ஐந்து, ஆறு என்றால் பெரிது. கூட்டுத்தொகைக்கு அதிகம் கொடுப்பதும் அந்தப் பெரிய எண்கள்தான். இரண்டு ஆறு விழுந்தால் அதிலேயே 12 வந்துவிடுகிறது. சடங்கு பலித்துவிட்டது, கூடவே மிக மோசமானதும் வந்துவிட்டது. என் சடங்கின் சீட்டில் மூன்று வரிகள் இப்படி இருக்கும். சின்னது: அழைத்தது பில்லில் பதிவாகும், தேடுபவர் கண்ணில் படும். நடுத்தரம்: பதிலில் ஒரு பொய் கலந்திருக்கும். பெரிது: அழைப்பு துண்டிக்கப்படாது.

கடைசியாக ஒரு விதி. இதைச் சேர்த்த பிறகுதான் முழு முறைக்கும் உயிர் வந்தது. பகடை விழுந்த பிறகு, இரட்டையில் ஒரு பகடையை எடுத்து ஓரமாக வைத்துவிடலாம். எதிர்வினை வராது. ஆனால் அந்த எண் கூட்டுத்தொகையிலிருந்தும் போய்விடும்.

மேசையில் நடந்தது

என் தோழி ஒருவர் ஆடிய கதாபாத்திரம், அண்ணனைப் பறிகொடுத்த ஒரு தங்கை. அண்ணன் மாடியிலிருந்து விழுந்து இறந்தான் என்று எல்லோரும் சொன்னார்கள், தங்கை நம்பவில்லை. ஆட்டத்தின் முதல் நாளே தோழி சும்மா ஒரு விவரம் சொல்லியிருந்தார். தங்கை தினமும் பஸ்ஸில் அண்ணனின் ஒரு வாட்ஸாப் குரல் செய்தியைக் கேட்பாளாம். ஆறு நொடிதான் இருக்கும். "வரும்போது பால் பாக்கெட் ஒண்ணு வாங்கிட்டு வா பாப்பா."

சடங்குச் சீட்டை நான் மேசையில் வைத்தபோது, விலை என்று எழுதியிருந்த வரியை அவர் இரண்டு முறை படித்தார். "அந்த மெசேஜும் போயிடுமா?" என்று கேட்டார். போயிடும் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அவ அதைக் கடைசியா ஒரு தடவை கேக்குறா" என்றார். துணைக்கு வருகிறேன் என்று இன்னொரு ஆட்டக்காரர் சொன்னதை மறுத்துவிட்டார். அண்ணனின் போன் இருந்தது, அண்ணன் விழுந்த மொட்டை மாடியில் நின்றாள். நான்கு பகடை.

ஆறு, ஆறு, மூன்று, இரண்டு.

மொத்தம் 17. சடங்கு பலித்துவிட்டது. இரட்டை ஆறு, பெரிய எதிர்வினை. ஓர் ஆறை எடுத்து வைத்தால் மிஞ்சுவது 11. ஒரே ஒரு எண் குறைவு. எடுத்துவிட்டால் ஒன்றும் நடக்காது. ஆனால் அண்ணன் குரல் ஏற்கெனவே போய்விட்டது, அதுவும் வீணாக. தோழி அந்த ஆறின் மேல் விரலை வைத்துக்கொண்டே இருந்தார். யாரும் அவருக்கு யோசனை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கேம் மாஸ்டர் பேசாமல் இருக்க வேண்டிய தருணம் என்றால் அதுதான். கடைசியில் விரலை எடுத்துவிட்டு, "அன்னிக்கு ராத்திரி உன் கூட மாடிக்கு வந்தது யாரு?" என்று கேட்டார்.

பதில் கிடைத்தது. அழைப்பு துண்டிக்கப்படவில்லை.

எதிர்வினை எழுதும்போது உடனே அடிப்பதைவிடத் தங்கி இருப்பது நல்லது. கை உடைந்தது, ரத்தம் வந்தது என்றால் அடுத்த காட்சியில் ஆஸ்பத்திரி, அதோடு சரி. தங்கி இருப்பதை நடத்த, 2017ல் ஜான் ஹார்ப்பர் வெளியிட்ட பிளேட்ஸ் இன் தி டார்க்கில் வரும் கடிகாரம் உதவும். ஒரு தாளில் வட்டம் போட்டு நான்கு, ஆறு அல்லது எட்டுத் துண்டாகப் பிரிக்க வேண்டும். நேரம் ஓடும்போதோ, கதாபாத்திரங்கள் தவறு செய்யும்போதோ ஒரு துண்டை நிரப்ப வேண்டும். வட்டம் நிரம்பினால் வர வேண்டியது வந்துவிடும். எல்லோரும் பார்க்கும்படி அதை மேசையிலேயே வைத்தேன். ஆறு துண்டு.

தங்கை போனை அணைத்தாள், அணையவில்லை. பேட்டரியைக் கழற்றினாள்; திரையில் அழைப்பு நேரம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டுப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். வாரம் ஒரு துண்டு நிரப்பினேன். மூன்றாவது வாரம் தோழி தானாகவே, "டப்பாவைத் திறந்து பார்க்கிறா" என்றார். அழைப்பு நேரம் ஐந்நூறு மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. போனைக் காதில் வைத்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, எங்கும் கேட்காமல் போய்விட்ட அந்த ஆறு நொடி, அந்தப் பக்கத்திலிருந்து வந்தது.

"வரும்போது பால் பாக்கெட் ஒண்ணு வாங்கிட்டு வா பாப்பா."

போனைக் கீழே வைக்கிறாளா என்று கேட்டேன். தோழி வட்டத்தைப் பார்த்தார். இன்னும் மூன்று துண்டு பாக்கி இருந்தது. "இல்ல, இன்னொரு தடவை கேக்குறா" என்றார்.